ஆற்றில் கால் வைக்காத ரயில்

“சித்தி, கம்பியைப் பிடிச்சுக்குங்க” என்று அக்கா மகன் சொல்லி வாய் மூடவில்லை, பெட்டி ஆடியது. முன்னால் ஏறிய நாலைந்து பேரின் பாரத்துக்கே ஊஞ்சல் பலகை மாதிரி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கதவு மூடியது. ஜன்னலோரம் போய்க் கீழே பார்த்தேன். தண்டவாளம் இல்லை, பாலம் இல்லை. காய்கறிக் கடையும், ஒரு சைக்கிளும், நாயோடு போகும் ஒரு பாட்டியும் எங்கள் காலடியில் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்தில் 1901-லிருந்து ஓடும் தொங்கு ரயில் இது. தண்டவாளம் மேலே, சக்கரங்கள் அதன்மேல் உருள, பெட்டி கீழே தொங்கிக்கொண்டு போகிறது. 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள், முனைக்கு முனை அரை மணி நேரம். அக்கா மகன் இருப்பது பக்கத்து ஊரான சோலிங்கனில். கூரையில் இரண்டு கொம்பு நீட்டி மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் பேருந்தில் ஃபோவிங்கல் வரை வந்து, அங்கிருந்து தொங்கு ரயில் பிடித்து மறுகோடியில் இருக்கும் வேலைக்குப் போகிறான். பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே மாதச் சீட்டு. ஒரு வாரம் தினமும் நானும் கூடப் போனேன்.

ஃபோவிங்கலில் தெருவின் மேலேயே போகிறது. மாடி வீட்டு ஜன்னல்கள் கை நீட்டினால் எட்டும்போல இருக்கின்றன. ஒரு வீட்டில் தக்காளிச் செடி, இன்னொன்றில் காய்ந்துகொண்டிருக்கும் குழந்தைச் சட்டைகள். மூன்று கிலோமீட்டர் இப்படிப் போய், சட்டென்று தெரு விலகியதும் கீழே தண்ணீர். அங்கிருந்து கடைசிவரை, சுமார் 12 மீட்டர் உயரத்தில், வூப்பர் ஆற்றின் வளைவுகளிலேயே வளைந்து போகிறது வண்டி. வளைவுகளில் பெட்டி சாயும்போது முதல் நாள் எனக்கு வயிறு குழைந்தது. எதிரில் இருந்த பள்ளிக்கூடப் பையன் மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கோடு ஒன்றுகூடக் கோணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் நெசவாலைகளும் சாயப் பட்டறைகளும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தன. எல்பர்ஃபெல்ட், பார்மன் என்று அப்போது தனித்தனி ஊர்கள். ரயில் விட இடமில்லை. காலியாக இருந்தது ஆற்றுக்கு மேலே இருந்த வெளி மட்டும்தான். கொலோன் நகரத்தின் ஓய்கன் லாங்கன் வகுத்த தொங்கு முறையை அங்கே கட்டினார்கள். அவர் 1895-லேயே இறந்துவிட்டார். தன் ரயில் இங்கே ஓடியதைப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்தது.

1950-ல் விளம்பரத்துக்காக சர்க்கஸ்காரர்கள் டூஃபி என்ற குட்டி யானையை இதில் ஏற்றினார்கள். அது மிரண்டுபோய்ப் பெட்டியிலிருந்து ஆற்றில் விழுந்து, சிராய்ப்புகளோடு பிழைத்தது. ஊரில் எல்லாரும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். 1999-ஐப் பற்றி நான் கேட்டபிறகே சொன்னார்கள். இரும்புச் சட்டங்களைப் புதுப்பிக்கும் வேலையில் அகற்றாமல் விட்ட ஒரு கவ்வியில் மோதி வண்டி ஆற்றில் விழுந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி, கரையோரம் நடந்தேன். சாய்ந்த இரும்புக் கால்கள் இரு கரைகளிலும் ஊன்றி, ஆற்றின் மேலே கூடி நிற்கின்றன, இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு நடுவில் குழந்தையை ஓடவிடுகிற மாதிரி. நடந்த தூரத்தில் ஓடும் நீருக்குள் ஒரு காலையும் நான் பார்க்கவில்லை. பார்மனில் பிறந்த ஏங்கெல்ஸ் இளம் வயதில், சாயத்தால் சிவந்து ஓடிய இந்த ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் பார்த்தபோது கூழாங்கல் தெரிந்தது. ஒரு சாம்பல் நாரை முழங்கால் நீரில் நின்றது. தலைக்கு மேலே இரும்பு முனகிக்கொண்டு நீல வண்டி போனது. நாரை தலை தூக்கவில்லை.

மயிலாப்பூர்க்காரிக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. எங்கள் ஊரிலும் ‘பறக்கும் ரயில்’ இருக்கிறது. 1997-ல் அது திருமயிலைக்கு வந்த நாளிலிருந்து ஏறியிறங்குகிறேன், அதை நேசிக்கிறேன். மழை நாளில் அது இல்லாமல் நான் வேலைக்குப் போயிருக்க முடியாது. ஆனால் அதன் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. படகு போன நீர்வழி அது. அந்தக் கால்வாய்க்கும் கரை இருந்ததே என்ற எண்ணம் அன்று வந்து தொண்டையை அடைத்தது.

“என்ன சித்தி, இவ்வளவு நேரம்?” என்று சாயங்காலம் அவன் கேட்டான். நாரையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை, திருமயிலையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கறுத்த நீரில் நிற்கும் தூண்களை எண்ணத் தொடங்கினேன். கலங்கரை விளக்கம் வருவதற்குள் கணக்கு தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.