அந்தக் குரல் பதிவு

இரவு நிகழ்ச்சி முடிந்து கோலாலம்பூரில் உள்ள வானொலி நிலையத்தை விட்டு இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். காடியில் ஏறி உட்கார்ந்ததும் ஜாசினிலிருந்து அம்மாவின் அழைப்பு வரும். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டார். "கதவப் பூட்டிட்டியா?" அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. 2003 ஜூன் மாதம் நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். நான் முதலாம் படிவம். எங்களிடம் காடியே கிடையாது, அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அந்த நாட்களில்தான் கேனி ஓங் என்ற 28 வயதுப் பெண்ணின் செய்தி நாட்டையே உலுக்கியது. அமெரிக்காவில் வேலை பார்த்தவர், உடல்நலமில்லாத தந்தையைப் பார்க்க வந்திருந்தார். ஜூன் 13 இரவு பங்சாரில் ஒரு பேரங்காடியில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு, கார் நிறுத்த அட்டையை எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கினார். திரும்பி வரவில்லை. அவரை அவருடைய காடியிலேயே ஒருவன் கடத்திப் போனான். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அடையாளக் கார்டு கேட்டும், காடி சீறிக்கொண்டு போய்விட்டது. சில நாள் கழித்து, எரிந்த நிலையில் அவருடைய உடல் கிடைத்தது. கொலையாளிக்கு 2016இல் தூக்குத் தண்டனை நிறைவேறியது.

அம்மா பெரட்டுக்குப் போகுமுன் வானொலிச் செய்தி கேட்பவர். கொலை, கொள்ளை என்று எந்தச் செய்தி வந்தாலும் செத்தவருக்காக ஒரு 'ஐயோ' சொல்வார். அடுத்து, "செஞ்சவன் நம்ம பிள்ளையா இருக்கக் கூடாது சாமி" என்பார். தோட்டத்தில் பிள்ளை வளர்த்த பலருக்கும் இந்தப் பயம் தெரியும். ஒருவன் தப்புச் செய்தால் ஊர் எல்லோரையும் அப்படித்தானே பார்க்கிறது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. நான் ஜாசின் வீட்டில் இருந்தேன். தம்பி, தனக்கு நிச்சயித்த பெண்ணோடு மலாக்கா பட்டணத்தில் சேலை எடுக்கப் போயிருந்தான். அவளை அலோர் காஜாவில் அவள் வீட்டில் விட்டுவிட்டுப் பத்து மணிக்குள் வருவதாகப் பேச்சு. பத்தரை ஆகியும் ஆளைக் காணோம். அவன் எண் கிடைக்கவில்லை. அவள் எண் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பழைய தோட்டத்து நண்பர்களின் புலனக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண் அழுகிற குரலில் பேசினார்: ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் வெள்ளை மைவி காடியை மறித்து, ஓர் இளஞ்சோடியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பையனைக் கொன்றுவிட்டார்களாம். செய்தது இன்ன இனத்துப் பையன்கள்தானாம்.

தம்பியுடையதும் வெள்ளை மைவிதான்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்குக் கை நடுங்கியது. குழுவில் அதற்குள் பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். ஒருவர் என் பெயரைச் சொல்லி, "நீங்க ரேடியோவில இருக்கீங்க, காலையில சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்று எழுதியிருந்தார். போலீஸ் நிலையத்துக்கு அழைத்தேன். அப்படி எந்தப் புகாரும் இல்லை என்றார்கள். நம்பத்தான் மனம் வரவில்லை. கொல்லப்பட்டதாகச் சொல்லும் அந்தக் குரலை நம்பிய மனம், இல்லை என்று சொன்ன போலீஸ்காரரை நம்பவில்லை!

பதினொன்றேகாலுக்குத் தம்பி அழைத்தான். வழியில் டயர் பஞ்சர். அவன் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அவளுடையது சத்தம் குறைக்கப்பட்டுப் பின்சீட்டில் சேலைப் பைக்குள் கிடந்திருக்கிறது. அம்மா அவனைத் திட்டிய திட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊடகப் படிப்பில் நாங்கள் விவாதித்த ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாக்ஸ்வில் நகரம். 2007 ஜனவரி 6, அதுவும் சனிக்கிழமை இரவுதான். சானன் கிறிஸ்டியனுக்கு 21 வயது, பல்கலைக்கழக மாணவி. கிறிஸ்டோபர் நியூசமுக்கு 23 வயது, தச்சு வேலை பார்த்தவர். இருவரும் காதலர்கள். அடுக்குமாடி வீட்டு வளாகத்தில் அவர்களைக் காடியோடு கடத்தினார்கள். காடிக்காகத் தொடங்கியது காடியோடு முடியவில்லை. இருவரையும் ஒரு வாடகை வீட்டில் அடைத்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். மகனின் உடல் மறுநாளே ரயில் தண்டவாளத்தருகே கிடைத்தது. மகளைத் தேடிய பெற்றோர், கைப்பேசி நிறுவனத்தின் உதவியோடு காடி நின்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். காடிக்குள் கிடந்த ஓர் உறையில் பதிந்த கைரேகைதான் போலீசை அந்த வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது.

எங்கள் வகுப்பில் அதிகம் பேசப்பட்டது அதற்குப் பிறகு நடந்தது. கொல்லப்பட்டவர்கள் வெள்ளையர்கள், பிடிபட்டவர்கள் கறுப்பர்கள். உடல்கள் சிதைக்கப்பட்டன என்று நடக்காத கொடூரங்களையெல்லாம் சேர்த்து இணையத்தில் கதை பரவியது. நடந்ததே போதாதா? அதிகாரிகள் மறுத்தும் கதை நிற்கவில்லை. இன வெறுப்பால் நடந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்று போலீஸ் சொன்னது. இருந்தும் அதே ஆண்டு மே மாதம் வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் வெளியூர்களிலிருந்து வந்து அந்த நகரத்தில் கொடி பிடித்தார்கள். இரண்டு பிள்ளைகளின் சாவு அவர்களுக்கு ஒரு பதாகை ஆனது.

பெற்றோருக்கோ நீதிமன்றமே இரண்டாவது வீடாகிவிட்டது. முக்கியக் குற்றவாளிக்கு 2009இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு, வழக்கை விசாரித்த நீதிபதியே போதை மாத்திரைக்கு அடிமை என்று தெரிந்து 2011இல் பதவி விலக, சிலர்மீதான வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று. ஒருவன்மீதான கொலைக் குற்றம் 2019இல்தான் நிரூபணமானது. பன்னிரண்டு ஆண்டுகள்! இடையில் 2014இல் டென்னசி மாநிலம் இரண்டு சட்டங்களை அந்தப் பிள்ளைகளின் பெயரிலேயே கொண்டுவந்தது. மகள் பெயரிலான சட்டம், செத்துப்போனவர் மீது நீதிமன்றத்தில் சேறு பூசுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேட்டபோது சின்ன விஷயமாகத் தெரிந்தது. பெற்ற வயிற்றுக்கு அது சின்ன விஷயமில்லை என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் காலைக்குள் அந்தக் குரல் பதிவு இன்னும் நான்கு குழுக்கள் வழியாக எனக்கே திரும்பி வந்தது. இப்போது அதன்கீழே எழுத்தில் கூடுதல் விவரங்கள். பெண்ணையும் கொன்றுவிட்டார்கள், போலீஸ் மறைக்கிறது. "பொய், என் தம்பி வீட்டில் தூங்குகிறான்" என்று எழுதினேன். அத்தை ஒருவர், "நெருப்பில்லாம புகையுமா?" என்று பதில் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எச்சரித்தால் நம் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற ஆசையில்தான் அனுப்புகிறார். ஆனால் அந்தப் பதிவில் எச்சரிக்கை இல்லை. பயமும், 'இன்ன இனம்' என்ற ஒரு கைகாட்டலும்தான் இருந்தன. கை நம் பக்கம் திரும்பும் நாளில், "நம்ம பிள்ளையா இருக்கக் கூடாது சாமி" என்று அழுவதும் நாம்தான்.

நம் நாட்டில் இத்தகைய செய்திகளைச் சரிபார்க்க 2017இலிருந்து 'செபெனார்ஞா' என்ற அரசாங்க இணையத்தளம் இருக்கிறது. அதைவிடச் சுலபமாக, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு ஒரு அழைப்பு போதும். நான் அன்று அழைத்தேன் என்று பெருமைப்பட முடியாது. தம்பி அழைத்த பிறகுதானே நம்பினேன்?

எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள் வந்துவிட்டன. இரவில் வெளியே போகிறவர் தாம் இருக்கும் இடத்தைக் குடும்பக் குழுவில் பகிர வேண்டும். காடியில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசி பார்க்கக் கூடாது, ஏறினால் பூட்டு, கிளம்பு. யாராவது மறித்துக் காடியைக் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு விலகு. "காடி போனா போகுது, கடன்லதானே கிடக்கு" என்பது அம்மாவின் தீர்ப்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத குரல் பதிவு எங்களோடு நின்றுவிட வேண்டும்.

தம்பிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் 'வந்துட்டோம்' என்று குழுவில் போடுகிறான். நேற்றிரவு நான் காடியில் ஏறியதும் வழக்கம்போல் அழைப்பு வந்தது.

"கதவப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேம்மா."

"சரி, வை. கிளம்பு."