பானட் சூடாக இருந்தது

பழைய கார் வியாபாரி ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் எட்டே முக்காலுக்கே போய் நின்றேன். கோவையில் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர். கையில் ஒரு டார்ச், ஒரு இஞ்ச் டேப், பழைய வேட்டியில் கிழித்த இரண்டு வெள்ளைத் துணிகள். கடைப் பையன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் வெள்ளை பென்ஸ் நின்றது. இ250 சிடிஐ, 2014 மாடல், டெல்லி நம்பர். கண்ணாடியில் 9.75 லட்சம் என்று ஒட்டியிருந்தார்கள். பையன் பார்க்காத நேரத்தில் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது.

அதற்காகத்தான் சீக்கிரம் போனதே. இந்த வண்டியின் 2143 சிசி டீசல் என்ஜினில் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தால் மாற்றுவது பெரிய வேலை, பெரிய செலவு. ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அந்தக் கடகட சத்தம் சில நொடிகள் கேட்கும். சூடான என்ஜின் அதை மறைத்துவிடும். யாரோ எனக்கு முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள்.

பென்ஸ் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டாயிற்று. மச்சான் மூன்று முறை சொன்னார்: "அந்தக் காசுக்கு ஒரு நல்ல இன்னோவா கெடைக்குமே மாப்ள." கிடைக்கும்தான். ஆனால் நாங்கள் ஐந்து பேர். எழுபத்தோரு வயது அம்மா, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். மாதம் ஒருமுறை கரூருக்குப் போகிறோம். இருக்கிற வேகன் ஆரில் நெடுஞ்சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் இருக்கும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இந்தத் தலைமுறை இ-கிளாஸ் 2010-இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. புதிதில் சாலைக்கு வரும்போது 50 லட்சத்தைத் தாண்டிய வண்டி, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிடுகிறது. விலை இறங்கிவிடும்; டயரும் புஷ்ஷும் பழைய விலையிலேயேதான் இருக்கும். அதனால் விலைச்சீட்டைப் பார்க்காமல் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்பதில் ரகசியம் இல்லை. அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருஷம் என்று கட்டுப்பாடு வந்தபின், வயதான நல்ல கார்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கின. இங்கே வந்து நம்பர் மாற்ற வேண்டும், தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய விலையில் அது சேர்ந்திருக்கவில்லை.

வியாபாரி வந்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார். "சிங்கிள் ஓனருங்க. டாக்டர் ஓட்டுனது. அறுபத்து நாலாயிரந்தான் ஓடியிருக்குது. ஒரு கீறல்கூட இல்லீங்க, பாத்துக்கோங்க."

பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். இடது முன் டயரில் 3817. அதாவது 2017-இன் 38-ஆவது வாரம். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாக இருந்தது. மற்ற மூன்றும் வேறு வேறு கம்பெனி. கதவுக் கண்ணாடிகளில் மூலையில் அச்சடித்த முத்திரை மூன்றில் ஒன்றாகவும், இடது பின் கதவில் மட்டும் வேறாகவும் இருந்தது. அதே பக்க முன் ஃபெண்டரின் போல்ட் தலையில் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உரிந்திருந்தது. கீறல் இல்லைதான். கீறல் விழுந்த இடத்தையே மாற்றியிருந்தார்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் இருக்க வேண்டிய கோடுகள் வலது ஓரத்தில் தேய்ந்து வழுவழு என்று இருந்தன. டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடு வெடித்து, அதே நிறத்தில் வண்ணம் பூசியிருந்தது. அறுபத்து நாலாயிரத்தில் இவ்வளவு தேயாது.

டிரையலுக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறினோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், சிக்னல் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: மனசு அங்கேயே விழுந்துவிட்டது. கதவை மூடியதும் அவிநாசி ரோட்டின் இரைச்சல் அறுந்துபோனது. பாலத்தின் இணைப்புகள் சக்கரத்துக்குத் தெரிகின்றன, முதுகுக்குத் தெரியவில்லை. என் மகன் பின்சீட்டில் தூங்குவதுபோல ஒரு நினைப்புகூட வந்தது. அந்த நிலைமையில் டோக்கன் கொடுத்திருந்தால் கொடுத்ததுதான்.

திரும்பி வந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். மேனுவல் வைத்த தோல் உறைக்குள் மடித்த ஒரு காகிதம். ஏதோ ஒரு டயர் கடையின் வீல் அலைன்மென்ட் ரசீது. தேதி 2021. வண்டி ஓடிய தூரம்: 1,12,640.

வியாபாரியிடம் நீட்டினேன். "அது வேற வண்டியோட பில்லா இருக்குமுங்க" என்றார். ரசீதில் இதே டெல்லி நம்பர். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே இ250-இல் இன்னொன்றைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கு. இந்த முறை குடும்பத்தோடு, ஏனென்றால் உட்காரப்போவது அவர்கள்.  கிணத்துக்கடவில் நிறுத்தி டீ குடித்தோம், ஒன்று 15 ரூபாய். வீடு ஒரு தென்னந்தோப்புக்குள். தேங்காய் நார் மில் வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்ட பெரியவர். வண்டி ஓட்டு ஷெட்டில் தூசியோடு நின்றது. சாம்பல் நிறம், 2013 நவம்பர், டி.என். 41. பின் பம்பரில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறல். "தென்ன மரத்துல நாந்தான் இடிச்சுப்போட்டேன் தம்பி" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

பானட் சில்லென்று இருந்தது. அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நான் வெளியே மட்கார்டு பக்கம் காதை வைத்து நின்றேன். டீசலுக்கே உரிய தடதடப்பு. செயின் சத்தம் இல்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதேதான். வெள்ளைத் துணியைச் சைலன்சர் முனையில் சுற்றித் துடைத்தேன். காய்ந்த கரி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஐந்து சீட் பெல்ட்டையும் முழுசாக வெளியே இழுத்தேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிச்சுருளில் சேற்றுக் கோடு நிற்கும். இதில் இல்லை. டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி கிணற்றில் வெல்டிங் கோடு ஒரே சீராக, கம்பெனியில் பூசிய மாதிரியே இருந்தது.

பெரியவர் ஒரு அட்டை ஃபைலைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். சர்வீஸ் பில்கள் வருஷ வாரியாக. மீட்டரில் 1,08,220. கடைசி பில்லில் 1,03,900. அதற்கு முன்னது 95,400. ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஏறிக்கொண்டே வந்தது. கேட்ட விலை 12.75 லட்சம். பீளமேட்டு வண்டியைவிட மூன்று லட்சம் அதிகம், மீட்டரில் நாற்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் அதிகம். எனக்கு இதுதான் மலிவாகப் பட்டது.

பிறகு குடும்பம் ஏறியது. இங்கேதான் செடானின் குறைகள் தெரிந்தன. என்ஜின் முன்னால், விசை பின்சக்கரத்துக்கு. நடுவில் தண்டு போவதால் பின்சீட்டின் கீழே தரை மேடாக எழும்பியிருக்கிறது. டேப்பை வைக்காமலே ஒரு ஜாண் இருக்கும். நடுவில் உட்கார்ந்த மகள் காலை இரண்டு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அவள் உயரமானபின் அது சிரமம். ஓரச் சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன. மகனுக்கு அது உடனே உதவும். அவனுடைய பையும் அம்மாவின் மடக்கு நாற்காலியும் 540 லிட்டர் டிக்கியில் போட்டும் இடம் மிஞ்சியது.

அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தார், சிரமமில்லை. எழுந்திருக்கும்போதுதான் முட்டி ஒத்துழைக்கவில்லை. சீட் தாழ்வு. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை மனைவி கை கொடுத்தாள். வேகன் ஆரில் இந்தப் பிரச்சினை இல்லை. அதன் சீட் நாற்காலி உயரம். வேண்டாம் என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

பெரியவர்தான் முன் இடது கதவைத் திறந்தார். கதவில், சீட்டின் வடிவத்திலேயே சின்னதாக ஒரு பொத்தான் தொகுப்பு இருக்கிறது. உட்காரும் பகுதியை மேலே தள்ளினால் சீட்டும் மேலே வரும். அது முனகிக்கொண்டே நான்கு விரல்கடை உயர்ந்தது. "எம்பட வீட்டம்மாவுக்கு இப்புடித்தான் வெச்சிருந்தேன்" என்றார். அம்மா உட்கார்ந்து, காலை வெளியே வைத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். "இது ஆகும் கண்ணு" என்றார். அவர் முன்னால், மனைவி இரண்டு பிள்ளைகளோடு பின்னால் என்று முடிவானது.

ஐந்து பேரும் ஏறித் தோப்பை விட்டு வெளியே வரும்போது, மண்பாதை முடியும் இடத்திலிருந்த வேகத்தடையில் அடிவயிறு உரசியது. ஒரே ஒரு தடவை, ஆனால் தெளிவாகக் கேட்டது. குறுக்காகத் திருப்பி மெதுவாக ஏறினால் உரசவில்லை. எங்கள் தெருவில் அப்படி இரண்டு இருக்கின்றன.

திங்கட்கிழமை பெரியவரே வண்டியைச் சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். பரிசோதனைக்கு 2,500 ரூபாய். லிஃப்ட்டில் ஏற்றியதும் மெக்கானிக் தம்பி டார்ச்சோடு உள்ளே போனான். "வாங்க ண்ணா, இதைப் பாருங்க." கியர்பாக்ஸின் பக்கத்தில் வயர் சேரும் சாக்கெட்டைச் சுற்றி எண்ணெய் நனைந்து தூசி அப்பியிருந்தது. இந்த ஏழு கியர் பெட்டியில் பழகிய கசிவாம். சாக்கெட்டும் அதன் ரப்பர் வளையமும் சின்னச் செலவு, ஆனால் கவனிக்காமல் விடக்கூடாது. முன் லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் வெடித்திருந்தன. கம்பியை வைத்து நெம்பிக் காட்டினான்; ரப்பர் வாயைத் திறந்தது. ஸ்கேனரில் ஏர்பேக் பக்கம் தவறு எதுவும் இல்லை. மீட்டர்க் கணக்கும் ஸ்கேனர் கணக்கும் ஒன்றுதான்.

அங்கேயே துண்டுச் சீட்டில் எழுதினோம். 245/45 ஆர்17 டயர் நான்கு, 64,000. புஷ் வேலை 42,000. கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர், அந்தச் சாக்கெட் சேர்த்து 28,000. பேட்டரி 24,000. மொத்தம் 1.58 லட்சம். இதற்கு மேல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு வருஷம் 7,897 ரூபாயும் வரியும். ஊருக்குள் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தால் பெரிது என்றான் தம்பி. ஆர்.சி. 2028 நவம்பரில் முடியும், அப்போது எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் அடியில் துருப்பிடிக்க விடக்கூடாது.

சீட்டைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். டயரைப் பற்றி மட்டும் பேசினார்: "டயர் நானும் தேய்ச்சதுதான். பாதி எங்கணக்கு." 11.60-க்கு நின்றார். நான் ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து போர்டிகோவை இன்னொரு முறை அளந்தேன். பதினேழரை அடி. வண்டி பதினாறு. கேட் மூடும். செவ்வாய்க்கிழமை 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்க மறுபடி பொள்ளாச்சி போனபோது, டோக்கன் ரசீதில் தொகைக்குக் கீழே பெரியவர் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: இன்றைய மீட்டர் 1,08,314.