கைப்பையில் இருக்க வேண்டியது

2023-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம், நானும் என் கணவரும் தக்கலையிலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்டோம். பாரிஸ் நகரின் புறப்பகுதியில் எங்கள் மூத்த மகள் கணவரோடும் குழந்தையோடும் வசிக்கிறாள். இருபது நாட்கள் அவளோடு தங்கி, அருகிலுள்ள நாடுகளையும் பார்த்து வருவதென்று ஏற்பாடு. இப்போதெல்லாம் நம் ஊர்களில் பல குடும்பங்களின் பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். ஆகவே நான் பட்டறிந்தவற்றை நம் சகோதரிகளுக்குச் சொல்லிவைப்பது நலமென்று தோன்றிற்று.

விசா வேலையை மகளே முன்னின்று முடித்தாள். ஷெங்கன் விசா ஒன்றிருந்தால் இருபத்தொன்பது நாடுகளுக்குச் செல்லலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் அதில் சேரா. 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அன்று 80 யூரோவாக இருந்த கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ ஆகிவிட்டது.

பெட்டி கட்டுவதில்தான் என் பாடு தொடங்கிற்று. மகளுக்குப் பிடிக்குமே என்று மாட்டிறைச்சியை உலர வறுத்து வைத்தேன். வீட்டில் உருக்கிய நெய்யும் ஒரு புட்டி எடுத்தேன். தொலைபேசியில் கேட்ட மகள், “உம்மா, இரண்டையும் அங்கேயே வைத்துவிடுங்கள்” என்றாள். இறைச்சியும் பால் பொருட்களும் நம் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாதாம். பழங்களுக்கும் பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் அது தேவையில்லை. நம் மட்டிப்பழத்துக்கு அங்கே இப்படியொரு மரியாதை இருப்பதை அன்றுதான் அறிந்தேன்! கருவாட்டுக்கும் தடையில்லை. ஆனால் அதன் மணம் மற்ற துணிகளோடு சேர்ந்து பயணம் செய்யும் என்பதால் நான் துணியவில்லை. ஏத்தங்காய் வறுவலை மட்டும் நிறைய எடுத்தேன்.

அந்த வறுவல்தான் வினையாயிற்று. நொறுங்கிவிடுமே என்று அதைக் கைப்பையில் அடுக்கினேன். இடம் போதவில்லை. என் கணவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவருடைய இன்சுலினையும் மாத்திரைகளையும் எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, பாரிசில் இறங்கினோம். ஒரு பெட்டி வந்தது. மருந்திருந்த பெட்டி வரவில்லை. அது சனிக்கிழமை மாலை. நாளை வரும், மறுநாள் வரும் என்றார்கள். இரவு உணவு நேரம் நெருங்க நெருங்க அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அச்சமாயிருந்தது. அவரோ ஒன்றும் சொல்லவில்லை. “வறுவலாவது வந்ததே” என்று சிரிக்க முயன்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே மருத்துவர் எழுதித் தராமல் இன்சுலின் கிடைக்காது. மருமகன் எங்கெங்கோ விசாரித்து, இரவில் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நாகர்கோவில் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்திருந்த கடிதம் என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. அதில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், அதைக் கண்டதும் அவர் உடனே எழுதித் தந்தார். மூன்றாம் நாள் பெட்டி வந்தபோது, அதிலிருந்த இன்சுலினைப் பயன்படுத்த வேண்டாமென்றார்கள். விமானத்தின் அடித்தளக் குளிரில் அது உறைந்திருக்கக்கூடும். உறைந்த இன்சுலின் உதவாது. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாதென்ற விதி, பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு இல்லை. இதை முன்பே அறிந்திருந்தால்!

இன்னும் சில. அங்குள்ள கழிப்பறைகள் பெரும்பாலானவற்றில் தண்ணீர் வசதி கிடையாது. ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடங்களில் உளூச் செய்யும்போது, கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தால் பிறர் முகம் சுளிக்கிறார்கள். தோலுறை அணிந்து மஸஹ் செய்யும் சலுகை பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு உண்டல்லவா? அது எவ்வளவு பெரிய அருளென்று அங்கேதான் விளங்கிற்று. ஜூலையில் பாரிசில் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகிறது. இஷாவுக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். சுருக்கியும் சேர்த்தும் தொழுதோம். மேற்கு நோக்கியே தொழுது பழகிய எனக்கு அங்கே தென்கிழக்கு நோக்கி நிற்பது முதலில் விந்தையாக இருந்தது.

முகத்திரை அணியும் சகோதரிகள் கவனிக்க: பிரான்சில் 2011 முதல் பொது இடங்களில் முகத்தை மூடுவதற்குத் தடை உண்டு. பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க், 2025 முதல் சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலும் அப்படியே. தலையை மறைத்துத் தெருவில் செல்லத் தடையில்லை. நான் அவ்வாறே எங்கும் போய் வந்தேன். 1926-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்கும் சென்றோம். அதை ஒட்டிய தேநீர்க் கடையில் புதினாத் தேநீர் பருகியபோது என் கணவர், “சர்க்கரை அதிகம்” என்று பாதியில் வைத்துவிட்டார்.

திரும்பும்போது மருந்துகளை அவரே தம் கைப்பையில் அடுக்கிக்கொண்டார். என்னைத் தொடவே விடவில்லை.