மீனா, ஊரியா?

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது, "உங்கட ஆற்றில மீன் பாடுமாமே?" என்றுதான். நாமும் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நம்மில் எத்தனை பேர் அதைக் காதால் கேட்டிருக்கிறோம்? படுவான்கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியையே செயற்றிட்டமாகக் கொடுக்க நினைத்தேன்.

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியது முதல், மனப்பாடம் போதாது, பிள்ளை தேட வேண்டும், ஆராய வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் செயற்றிட்டம் என்றாலே பிறிஸ்டல் போட் வாங்கிப் படம் ஒட்டுவது என்றாகிவிட்டது. கூலிக்குப் போய் வந்த தாய் இரவிரவாக இருந்து எழுதிக் கொடுக்கிறாள். யோசிக்கும் திறன் யாருக்கு வளர்ந்தது?

மீன் பாட்டுக்குப் பாடப்புத்தகத்தில் ஆயத்த விடை கிடையாது. 1848 செப்டெம்பரில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமேர்சன் ரெனன்ற், இரவில் வாவிக்குள் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டு எழுதி வைத்தார். அது ஊரி எழுப்பும் சத்தம் என்றே அன்றைய மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். பிறகு எப்படியோ மீன் என்றாகிவிட்டது. சில மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை அதிரச் செய்து ஒலி எழுப்பும் என்பதும் உண்மை. ஆக, இரண்டு பக்கமும் கதை இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மூன்று நிரல் போட்ட அட்டவணை ஒன்று தயாரித்தேன். "நானே கேட்டேன்", "எனக்குச் சொன்னார்கள்", "அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்." வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இந்த மூன்றில் ஒன்றில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இந்தத் திறன் உங்களுக்குப் புதிதல்ல, சகோதரிகளே. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு "கடல் திரும்பவும் வருகுது" என்ற கதை கேட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எத்தனை தரம் ஓடினோம்! 2007இல் செல் சத்தத்துக்குள் ஆற்றைக் கடந்து வந்தபோது, "ஆர் சொன்னது? கண்டு சொன்னதா, கேட்டுச் சொன்னதா?" என்று விசாரித்துத்தானே அடுத்த அடி வைத்தோம். பயத்தில் படித்ததை நம் பிள்ளைகள் வகுப்பில் இருந்து படிக்கட்டுமே என்பது என் ஆசை.

தொடங்குமுன் தாய்மாரைக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழும்பினார். "ரீச்சர், கொப்பியும் கையுமா வீட்டுக்கு வந்து பேர் எழுதினவங்களை நாங்க கண்டிருக்கம். எங்கட புள்ளையள் அப்பிடிப் போகவேணாம்." கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஆற்றுக்குப் போன கணவர் திரும்பி வராத இன்னொரு தாய், "ஆற்றைப் பத்தி என்னட்டக் கேக்கவேணாம் எண்டு மகளுக்குச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு காலமும் வாய் திறக்காததால்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினோம். அந்த வீட்டுக்குள் கேள்வியை அனுப்புவதென்றால் வீட்டின் விருப்பம் வேண்டும். அங்கேயே இருந்து திட்டத்தைச் சேர்ந்து திருத்தினோம். பெயர் எழுதுவதில்லை. வயதைக்கூட "அம்மம்மா வயது" என்றுதான் எழுதுவது. சொல்ல விருப்பமில்லாதவரை இரண்டாம் முறை கேட்பதில்லை. வீட்டில் கேட்க முடியாத பிள்ளைகள், நிலவு, காற்று, நீர்மட்டம் மூன்றையும் ஒரு மாதம் குறித்து வைப்பார்கள். அட்டவணைக்கு அதுவும் அவசியம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தாய்மாருடன் போவது, தோணிக்காரர் செய்வதுபோல் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்துக் கேட்பது என்றும் முடிவாயிற்று. பாலத்தில் வாகனம் ஓடும் சத்தத்தையும் தனியே எழுத வேண்டும் என்றேன். பொய்ச் சாட்சி அதுதான்!

முதல் கிழமை அட்டவணைகள் வந்தன. ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ரீச்சர், அம்மம்மா கேக்கல்லையாம். அவவுக்கு அவட அம்மா சொன்னவவாம். அவவும் கேட்டவவோ தெரியாதாம். இதை எங்க எழுதுற?"

"நீ எங்க எழுதலாம் எண்டு நினைக்கிறாய்?"

அடிமட்டத்தை வைத்து நாலாவது நிரல் ஒன்று கீறத் தொடங்கினாள்.