தொலைந்த திறப்பு

அப்பாவின் வாடகைக் காரின் திறப்பைக் கீரிமலைக் கேணியடியில் தொலைத்தவன் நான். முகவர் நிலையம் புதியதொன்றுக்குக் கேட்ட தொகையோ அவரது ஒரு மாத உழைப்பு. திறப்பின் கைபிடிக்குள் மின்கலம் வேண்டாத நுண்சில்லொன்று உண்டு. அதன் குறியீட்டைக் காரின் கணினி ஏற்றாலன்றி இயந்திரம் இயங்காது. உலோகத்தை அச்சொட்டாக வெட்டினாலும் கதவு திறக்குமேயன்றிக் கார் ஓடாது. இலக்கணம் படிக்கும் எனக்கு இது புதுப் பாடம். நல்லவேளையாக அம்மாவின் அலுமாரியில் மற்றைய திறப்பு கிடந்தது. அதனைக் கொண்டு, நகரத்தில் திறப்பு வெட்டுபவர் ஒருவர் அரைமணி நேரத்தில் புதியதைக் கணினியிற் பதிந்து, தொலைந்ததன் குறியீட்டையும் அழித்துவிட்டார். கூலி காற்பங்குதான். இரண்டுந் தொலைந்திருப்பின் கணினியையே கழற்ற நேர்ந்திருக்குமாம். அப்பா ஏசவில்லை. மறுநாள் காரைக் கழுவுமாறு திறப்பைத் தம்பியிடம் நீட்டினார்.