நிறுத்தச் சொல்லும் குரல்

வெற்றிலைத் தட்டத்தை முன்வையாத வீட்டை இறக்கக்கண்டியில் நாம் சிறு வயதிற் கண்டதில்லை. வந்தவருக்குத் தண்ணீர்ச் செம்பு. அதற்கு அடுத்தபடி தட்டம். கலியாணப் பேச்சுத் தொடங்குவதும் அதன் முன்னிலையில். நெடுநாட் பகை தீர்வதும் அதன் முன்னிலையில். ஆதலின் அத்தட்டத்தைக் குறைகூறப் பேனா எடுப்பது எமக்கு எளிதாக இல்லை. எனினும், எழுதாதிருப்பது அதனினும் பெரிய குற்றம் என்று மனம் இடித்துரைப்பதால் எழுதுகின்றோம்.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் தெருவில், நிலாவெளியைத் தாண்டியதும் களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது இறக்கக்கண்டி. அங்கே எம் பெரிய மாமா கரைவலைக்கு மண்டாடியாக இருந்தார். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றி இழுக்க, நடுவே நின்று அவர் அம்பா பாடுவார். அவர் குரல் எழுந்தால் இழுப்பார்கள், தாழ்ந்தால் தளர்த்துவார்கள். வலை கல்லிற் சிக்கிவிட்டதென்று கண்டால், “நிப்பாட்டு!” என்று ஒரே ஒரு சத்தம். முப்பது பேரின் கைகளும் அக்கணமே நிற்கும். அந்தச் சத்தம் இல்லையேல் மடி கிழிந்து, பட்ட பாடெல்லாம் கடலோடு போய்விடும்.

மாமாவின் மடியில் எந்நேரமும் ஒரு கொட்டைப்பெட்டி இருக்கும். பல் விழுந்த பின்னர், பாக்கையும் புகையிலையையும் சிற்றுரலில் இடித்துக் கொடுக்கும் பணி எமக்கு வாய்த்தது. அதனை ஒரு பெருமையாகவே கருதினோம். பக்குவமாக இடித்தால், “நீதானடா என்ர மருமோன்!” என்று தலையைத் தடவுவார். அந்த மகிழ்ச்சியை இன்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவர் பேச்சுச் சற்றே தடித்திருந்ததை உணர்ந்தோம். நாக்கின் ஓரத்தில் ஒரு புண். கேட்டதற்கு, “அது பல்லுக் குத்தின புண், தம்பி. உப்புத் தண்ணி கொப்பளிச்சால் ஆறிப்போம்” என்றார். மூத்தவரை எதிர்த்துப் பேசுவது எங்ஙனம் என்று வாளாவிருந்துவிட்டோம். நான்கு மாதங்கள் கழிந்தன. கழுத்தில் ஒரு கட்டி தோன்றிய பின்னரே மாமியும் நாமுமாக அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்றார்கள். நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். பின்னர்க் கதிர்ச் சிகிச்சையும் அளித்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். அம்பாக் குரல் மட்டும் திரும்பவில்லை.

அந்நாட்களில் வைத்தியர் ஒருமுறை, “பரம்பரையலகுகள் கட்டுப்பாட்டை இழந்துவிட்டன” என்று கூறியது எம் காதில் நின்றுவிட்டது. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாமாவின் பேத்தியிடம் அதன் பொருள் யாதென்று கேட்டோம். அவள் சற்று யோசித்து, “மாமா, அப்பப்பாவின்ர அம்பாதான் அது” என்றாள்.

எத்துணை பொருத்தமான உவமை! நம் உடலின் கலங்கள் பெரும்பாலானவற்றுள், புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 உள. நாக்கின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பவை அவையே. எது எப்போது பேசவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்னும் ஒழுங்கே நாக்கை நாக்காகவும் ஈரலை ஈரலாகவும் வைத்திருக்கின்றது. பற்றீரியாவில் இத்தகைய ஒழுங்கு எவ்வாறு நடைபெறுகிறதென்று விளக்கிய பிரான்சிய விஞ்ஞானிகள் யாக்கோப், மொனோ ஆகியோர், தம் சகாவான ல்வோவ் என்பாருடன் 1965ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

கலம் பெருக வேண்டுமெனில் ‘இழு’ என்னும் கட்டளை வேண்டும். போதுமெனில் ‘நிறுத்து’ என்னும் கட்டளை வேண்டும். நிறுத்தச் சொல்லும் குரல்களுள் தலையாயது பி53 என்னும் புரதம். 1979இல் கண்டறியப்பட்ட இது, கலத்தின் டி.என்.ஏ. பழுதுற்றால் பெருக்கத்தைத் தடுத்துப் பழுதுபார்க்க அவகாசம் தரும். பழுது தீராதெனில் அக்கலத்தையே மாயச் செய்யும். பி16 என்பது இன்னொரு தடைக்குரல். தலை, கழுத்துப் புற்றுகளிற் பலவற்றில் பி53இன் பரம்பரையலகு பிறழ்ந்து கிடக்கின்றது. பி16இனுடையதோ அழிந்துபோயிருக்கும், அன்றி வாய் பூட்டப்பட்டிருக்கும்.

வாய் பூட்டுதல் என்றது வெறும் அலங்காரச் சொல்லன்று. பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டம் என்னும் சிறு இரசாயன முத்திரைகள் மிகுந்து படியும்போது, எழுத்து ஒன்றும் மாறாமலே அவ்வலகு பேச்சடங்கிவிடும். ஏடு கிழியவில்லை, ஏட்டைத் திறக்க முடியவில்லை, அவ்வளவே. மறுபுறத்தில், ‘இழு’ என்னும் கட்டளையை ஏற்கும் ஈ.ஜி.எப்.ஆர். என்னும் புரதம் பல கட்டிகளில் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகின்றது. இவையன்றி, பரம்பரையலகின் செய்தி புரதமாகுமுன் இடைமறித்து அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களும் உள. அவற்றைக் கண்டறிந்த அம்புரோசு, இரவ்கன் என்னும் இருவருக்கு 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது. புற்றுநோயில் இவ்விடையாட்களும் தடுமாறுகின்றனர்.

நாம் இடித்துக் கொடுத்த பாக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பாக்கு சுண்ணாம்போடு சேரும்போது தீங்கு பயக்கும் ஒட்சிசன் வடிவங்கள் பிறந்து டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. புகையிலையின் நச்சுகள் அதன் எழுத்துகளைச் சிதைக்கின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய பொருள்கள் கன்னத்தின் உட்புறத்தில் நார்களைப் பெருக்கி இறுகச் செய்வதால், நாளடைவில் வாய் திறப்பதே அரிதாகும். இந்நிலையும் புற்றாக மாறக்கூடியதே. “புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று ஆறுதல் கொள்வோர் பலர். ஐயகோ, அவ்வாறுதலுக்கும் இடமில்லை! உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், பாக்குத் தானே மனிதருக்குப் புற்றை விளைக்கும் என்று 2004இல் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்துவிட்டது.

தொண்டைப் புற்றுகளிற் சிலவற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. எச்.பி.வி. என்னும் வைரசு தன் புரதங்களால் பி53ஐ அழித்து, நிறுத்தும் குரலை நெரித்துவிடுகின்றது. இலங்கையில் ஆறாந்தரத்து மாணவியருக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் நோக்குடன், இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் வழங்கப்படலாயிற்று. பெற்றோர் அதனைத் தவறவிடலாகாது.

மருத்துவமும் கைகட்டி நிற்கவில்லை. ஈ.ஜி.எப்.ஆரைத் தடுக்கும் செற்றுக்சிமாப் என்னும் மருந்து 2006இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. மெதைல் முத்திரைகளைக் குறைக்கும் மருந்து ஒன்று 2004 முதல் குருதி நோய் ஒன்றுக்குப் பயன்படுகின்றது. முத்திரை நீக்கத்தக்கது என்பதே பெரியதொரு நம்பிக்கையன்றோ?

ஆயினும் இவற்றினும் மலிவான மருந்து ஒன்றுண்டு. அது காலத்தே பார்த்தல். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பேராய்வில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணாற் பார்த்தனர். புகையிலை அல்லது மது பழகியோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தமை 2005இல் வெளியாயிற்று. நம் இலங்கையிலும் ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் இவ்வேலையைச் செய்யவல்லர் என்பதை 1984இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; ஒரு விளக்கும் இரண்டு கண்களும் போதும்.

ஆகவே அன்பர்களே, இவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், துடைத்தாலும் போகாத வெண்திட்டு அல்லது செந்திட்டு, மாறாத தொண்டைக் கரகரப்பு, விழுங்குவதில் இடர், கழுத்திற் கட்டி, திறக்க மறுக்கும் வாய்: இவற்றுள் எது கண்டாலும் வைத்தியரை நாடுங்கள். எல்லாம் புற்றாக இரா. ஆனால் பார்த்துத் தெளிவதே அறிவு. மூத்தவர்கள் மறுத்தால், மரியாதை குன்றாமல் வற்புறுத்துங்கள். எமது நான்கு மாத மௌனத்துக்கு மரியாதை என்றே அன்று பெயர் சூட்டினோம். அது மரியாதையன்று, கோழைத்தனம்.

சென்ற முறை இறக்கக்கண்டிக்குப் போயிருந்தோம். மாமா கரையில் மணலில் அமர்ந்திருந்தார். அம்பாவை இப்போது அவர் மகன் பாடுகின்றான். திடீரென மாமா எழுந்து வலது கையை உயர்த்தினார். மகன், “நிப்பாட்டு!” என்றான். கைகள் நின்றன. வலை கல்லிற் சிக்கியிருந்தது. எவர்க்கும் முன்னதாக அவரே கண்டார்.

மாலையில் மாமி தட்டத்தைக் கொணர்ந்து வைத்தார். அதில் வாழைப்பழமும் கற்கண்டும் இருந்தன. நாம் ஒரு துண்டு கற்கண்டை எடுத்துக்கொண்டோம். மாமா எம்மைப் பார்த்து மெல்லச் சிரித்தார். சிற்றுரல் எங்கே என்று நாம் கேட்கவில்லை.