கொம்பும் காலும்

அபிராமபுரத்தில் எங்கள் இல்லத்திலிருந்து கோயிலுக்கு நடந்து செல்லும் வழியில் கடைப்பலகைகளை உரக்கப் படிப்பது எங்கள் பிள்ளைகளின் விளையாட்டு. இளையவன் மட்டும் அதில் சேரமாட்டான். ஓயாமல் பேசுகிறவன், பலகையைக் கண்டதும் ஊமையாகிவிடுவான். சோம்பல் என்றோம். தொலைக்காட்சியைக் குறை கூறினோம். அடித்ததும் உண்டு.

நான்காம் வகுப்பில், சிறுவர் திருப்பலியில் முதல் வாசகம் அவனுக்குத் தரப்பட்டது. பிழையின்றி வாசித்தான், பூரித்துப் போனோம். வீடு திரும்பிய பிறகே பாட்டி உண்மையைச் சொன்னார்கள். ஒரு வாரமாக அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான். இத்தனை பாடு எந்தச் சோம்பேறி படுவான்?

அதன் பிறகே ஒரு சிறப்பாசிரியையை நாடினோம். அவர் தாளில் 'கொ' என்று எழுதிக் காட்டினார். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால். செவிக்கோ ககர ஒலிதான் முதலில். ஒகரம் அதன் பின்னே. நாமெல்லாம் அதை ஒரே உருவாக விழுங்கிவிடுகிறோம். ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் இடர்ப்படும் குழந்தை ஒவ்வொரு முறையும் அம்முடிச்சை அவிழ்க்க வேண்டும்; அதற்குள் வரி கைநழுவிப் போகும். இது அறிவுக் குறைவன்று, டிஸ்லெக்சியா. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்தார். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில் செய்ததுதான்!

கடற்கரையில் சிலையாய் நிற்கும் வீரமாமுனிவரை அப்போது நினைத்துக்கொண்டோம். ஓலைகளில் புள்ளியிடாது விட்டதால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றாய்த் தோன்றி, படிப்பவர் ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அவற்றை வேறுபடுத்தி எழுத வழிசெய்தவர் அவர். படிப்பவன் தடுமாறினால் எழுத்தையே திருத்தலாம் என்று துணிந்த துறவி!

நம் பள்ளிகள் பாட வேளையைக்கூடத் திருத்தத் தயங்குகின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாடம் ஒன்றில் விலக்கு எனச் சலுகைகள் உண்டு. "தமிழை விட்டுவிடலாம்" என்று பள்ளியில் கூறியபோது நன்றியோடு கையொப்பமிட்டோம். அன்றுமுதல் தமிழ் வகுப்பில் கடைசி இருக்கையில் படம் வரைந்துகொண்டிருந்தான். தேர்விலிருந்து கேட்ட விலக்கு, கற்பித்தலிலிருந்தே விலக்காகிவிட்டது. அதில் எங்கள் பங்கும் உண்டு.

2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலையறிந்து பிரித்துக் கற்பிக்க முனைந்தது. கட்டணம் கட்டிப் படித்த எங்கள் மகனை, முதலிரு வகுப்புகளில் தனியே அமர்த்தி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் எவருமில்லை. இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நம் தியாகராய நகரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆசிரியையை அனுப்பி, ஓர் அறையை ஒதுக்கலாகாதா?

இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாலையில் வீட்டில் தமிழ் தொடர்கிறது. சென்ற மாதம் பாட்டிக்குக் கண்புரை அறுவை நடந்தது. நாளிதழை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்ந்தான். ஒரு தலைப்பை வாசிக்க நெடுநேரமாயிற்று. பாட்டி அவசரப்படுத்தவில்லை. "அடுத்தது?" என்றார்கள்.